மலையூரில் குடியேறும் முன்: மாதத்துக்கு எத்தனை முறை இறங்குவீர்கள்?

கடலூரில் கத்திரி வெயில் தொடங்கிவிட்டால் மஞ்சக்குப்பத்தில் இருக்கிற எங்கள் வீட்டுக்கு யாராவது விசாரிக்க வந்துவிடுவார்கள். இந்த வருஷம் வந்தவர் எதிர்வீட்டுத் தம்பி. ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. குடும்பத்தோடு மூன்று நாள் ஏற்காடு போய்விட்டு வந்திருந்தார்.

“அக்கா, நீங்க அங்க இருந்தவங்க. பேசாம வீட்டை வாடகைக்கு விட்டுட்டு அங்கேயே போயிடலாமான்னு பார்க்கிறேன். என்ன சொல்றீங்க?”

நானும் என் வீட்டுக்காரரும் 2019 ஜூன் மாதம் ஏற்காட்டுக்குப் போனோம், 2025 மார்ச்சில் திரும்பி வந்தோம். அவர் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். நான் தையல்காரி, நாற்பது வருஷமாக ரவிக்கை தைக்கிறேன். இடையில் கிடைத்த அந்த ஆறு வருஷத்தைப் போல இன்னொரு காலம் என் வாழ்க்கையில் கிடைக்காது. ஆனாலும் அவரிடம் உடனே ‘போ’ என்றும் சொல்லவில்லை, ‘போகாதே’ என்றும் சொல்லவில்லை. ஒரு தாளும் பேனாவும் எடுத்துக் கொடுத்தேன். அவரிடம் சொன்னதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் இறக்கத்தை எண்ணுங்கள்

ஏற்காட்டுக்காரர்கள் சேலம் போவதைக் ‘கீழே போறேன்’ என்பார்கள். முப்பது கிலோமீட்டர் சொச்சம், இருபது கொண்டை ஊசி வளைவு. வளைவுக்கு வளைவு எண் எழுதிய பலகை நிற்கும். பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். போய், வேலையை முடித்து, திரும்ப ஏறினால் அன்றைய பொழுது முடிந்தது.

அதனால் மலையில் குடியேற நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது வாடகையும் இல்லை, வீட்டு ஜன்னலில் தெரிகிற காட்சியும் இல்லை. மாதத்துக்கு எத்தனை முறை கீழே இறங்க வேண்டியிருக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். இப்போது நீங்கள் இருக்கிற ஊரில் ஒரு மாதம் முழுக்க எதற்கெல்லாம் வெளியே போகிறீர்கள் என்று எழுதி வையுங்கள். பல் டாக்டர், கண் பரிசோதனை, ரத்தப் பரிசோதனை, வங்கி, வண்டி சர்வீஸ், கல்யாணம், காது குத்து, மகள் வீடு என்று எதையும் விடாதீர்கள். பிறகு, மேலேயே முடிகிற காரியங்களை அடித்துவிடுங்கள். ஏற்காடு போன்ற ஊரில் மளிகை, காய்கறி, மருந்துக்கடை, வங்கி, தபால் நிலையம், அரசு மருத்துவமனை எல்லாம் உண்டு. மிச்சமிருப்பதுதான் உங்கள் இறக்கக் கணக்கு.

முதல் வருஷம் நாங்கள் மாதத்துக்கு ஏழு முறை இறங்கினோம். ஜிப் வாங்க ஒரு நாள், லைனிங் துணி வாங்க இன்னொரு நாள், அவருடைய ஓய்வூதிய வேலைக்கு ஒரு நாள். கடலூரில் தெருமுனைக்குப் போவது மாதிரியே அங்கேயும் நினைத்துக்கொண்டிருந்தோம். மூன்றாம் வருஷம் அது இரண்டாகக் குறைந்தது. சமையலறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கவிட்டு, நினைவுக்கு வருவதையெல்லாம் அதில் எழுதி, ஒரே இறக்கத்தில் முடிக்கப் பழகினோம். என் அனுபவத்தில் இரண்டு, மூன்று என்றால் நிம்மதியாக இருக்கலாம். நான்கைத் தாண்டினால் யோசிக்க வேண்டும். வாரம் ஒரு முறை கட்டாயம் போயே தீர வேண்டிய சிகிச்சை யாருக்காவது இருந்தால் மலையை விட்டுவிடுங்கள்.

வேறு மலைகளுக்கும் இதே கணக்குதான், எண்தான் மாறும். ஏலகிரிக்கு 14 வளைவு, கொல்லிமலைக்கு 70. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வைத்திருக்கிறார்கள். அங்கே குடியேறுகிறவர்கள், பார்க்க வருகிற உறவினர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சொந்த ஊரின் தூரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம், நெய்வேலி வழியாகக் கடலூர் வர ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. என் சித்தி இறந்த செய்தி ராத்திரி ஒன்பதரை மணிக்கு வந்தது. அந்த நேரத்துக்கு மேல் இறங்க வண்டி கிடைக்கவில்லை. விடிகாலை முதல் பேருந்தைப் பிடித்து வந்து சேர்ந்தபோது எடுத்துவிட்டிருந்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்தவள், முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை. மலைக்குப் போவதென்றால் இதற்கும் மனதைத் தயார் செய்துகொள்ளத்தான் வேண்டும்.

மே மாதத்தில் முடிவெடுக்காதீர்கள்

கடலூரில் நாற்பது டிகிரி வெயிலில் வெந்துவிட்டு, முப்பதைத் தொடவே தயங்குகிற ஊரில் போய் இறங்கினால் யாருக்கும் அங்கேயே இருந்துவிடத் தோன்றும். ஆனால் மே மாத ஏற்காடு விருந்தாளிக்கான ஏற்காடு. கோடை விழா, மலர்க்கண்காட்சி, ஏரியில் படகு. குடியிருப்பவர்களுக்கு அந்த மாதம் கஷ்டமான மாதம். பாதையெல்லாம் வண்டி, கடையெல்லாம் கூட்டம். எங்கள் வீட்டுக் கிணறும் அப்போதுதான் வற்றும், ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் குளிப்போம்.

மலையை ஐப்பசி, கார்த்திகையில் போய்ப் பாருங்கள். அக்டோபர் தொடங்கி இரண்டு மாதம் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்குங்கள். விடுதி வேண்டாம், வீடாக இருக்கட்டும். நீங்களே சமைத்து, நீங்களே துவைத்து, நீங்களே மாத்திரை வாங்கி இருந்து பாருங்கள். கடலூர் வீட்டை அதற்குள் வாடகைக்கு விட்டுவிட வேண்டாம்.

மழை நாட்களில் மலை சுருங்கிப்போகும். காலை பத்து மணிக்கும் எதிரே இருக்கிற சில்வர் ஓக் மரம் தெரியாது. மரம் விழுந்து மின்கம்பி அறுந்தால் மறுநாள்தான் மின்சாரம். அந்த இருட்டில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்த பிறகும் உங்களுக்கு அந்த ஊர் பிடித்திருந்தால் நம்பிப் போகலாம். எனக்குப் பிடித்திருந்தது. மழைச் சத்தத்தில் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து நான் ஹெம்மிங் செய்ய, அவர் சத்தமாகச் செய்தித்தாள் படிப்பார். எங்கள் கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவ்வளவு பேசிக்கொண்டதில்லை.

ஈரத்தோடு எப்படி இருப்பது

இதைப் பற்றி யாரும் எனக்கு முன்னமே சொல்லவில்லை. கடலூரிலும் ஈரம்தான், கடல்காற்றில் இரும்பு துருப்பிடிக்கும். ஆனால் இங்கே மழை விட்டதும் வெயில் வந்து எல்லாவற்றையும் காயவைத்துக் கொடுத்துவிடும். அங்கே ஐந்தாறு நாள் ஒரே மூச்சாகப் பனிமூட்டம் நின்றுவிட்டால், கொடியில் போட்ட துண்டு போட்ட ஈரத்தோடேயே இருக்கும்.

போன முதல் நவம்பரில் ஒரு பள்ளி ஆசிரியை பட்டு ரவிக்கை இரண்டு தைக்கக் கொடுத்திருந்தார். தைத்து, மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டு மர அலமாரியில் வைத்தேன். பன்னிரண்டு நாள் கழித்து எடுத்துப் பார்த்தால் மடிப்பு ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூசணம். அரக்குப் பட்டில் திருநீறு தூவினது போல இருந்தது. பிரஷ் வைத்துத் தட்டினால் தூள் போகிறது, கறை போகவில்லை. புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன். மிஷினைத் திறந்தால் பாபின் பெட்டியில் துரு. ஊசிப் பொட்டலத்தில் பத்து ஊசியும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன.

அதற்கப்புறம் செய்தது இது. துணியைப் பிளாஸ்டிக்கில் வைப்பதை நிறுத்தி, பழைய பருத்திப் புடவையில் சுற்றி வைத்தேன். மர அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளிப்போட்டேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, அலமாரியின் அடித்தட்டில் சிறிய குண்டு பல்பு ஒன்று மாட்டி, மேலே கம்பி வலைக்கூண்டு போட்டு, துணி எதுவும் படாமல் செய்துகொண்டேன். மழைக்காலத்தில் நான் வீட்டில் இருக்கும்போது நாலைந்து மணி நேரம் அதை எரியவிடுவேன். அந்தச் சூடு போதும், பூசணம் வராது. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது, அதில் அவ்வளவு சூடு வராது. ஊசிகளை மிஷின் எண்ணெய் தடவிய துணியில் குத்தி, மூடி இறுக்கமான டப்பாவில் வைத்தேன். வாரத்தில் முதல் வெயில் அடித்தவுடன், என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு, தலையணை, பாய், செருப்பு, மசாலா டப்பா எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுவேன்.

வீடு பார்க்கும்போதே ஈரத்தைப் பார்த்துவிட்டால் பாதித் தொல்லை குறையும். கட்டில் போடுகிற பக்கத்துச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு உள்ளங்கையை வைத்து அழுத்திப் பாருங்கள். சில்லென்று ஒட்டினால் அந்த அறை வேண்டாம். மூடிக்கிடக்கிற அலமாரியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வீடென்றால் கூரை மூலைகளை ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். கிழக்கு பார்த்த வீட்டில் காலை வெயில் நுழையும், அதற்கு ஐநூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

வீட்டுக்குப் பின்னால் மண்சரிவு தடுக்கக் கட்டிய சுவர் இருந்தால் அதில் தண்ணீர் வடியத் துளைகள் விட்டிருக்கிறார்களா, அவை அடைபடாமல் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். துளை அடைபட்டால் மண்ணுக்குள் தண்ணீர் சேர்ந்து சுவரைத் தள்ளும். சுவர் வயிறு முன்தள்ளினது போலத் தெரிந்தால் அந்த வீட்டுக்குள்ளேயே போக வேண்டாம். கோடையில் தண்ணீர் எப்படி என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற பெண்ணிடம் கேளுங்கள், அவர் உள்ளதைச் சொல்வார்.

சமையலறை

ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கடலூரில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர் அங்கே 95 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். பருப்பு திறந்த பாத்திரத்தில் குழையவே குழையாது, குக்கர் கட்டாயம்.

இட்லி மாவுதான் என்னைப் படுத்தியது. ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் வைத்தது வைத்தபடி இருக்கும், ஒரு குமிழி வராது. கடைசியில் பிடிபட்ட வழி இது. உளுந்தோடு வெந்தயம் ஒரு ஸ்பூன் கூடுதலாகப் போட வேண்டும். அரைக்கும்போது வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். கையால் நன்றாகக் கரைத்து, பாதிப் பாத்திரம் மட்டும் ஊற்றி, பெரிய ஹாட்பாக்ஸுக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு டம்ளர் வெந்நீரும் வைத்து மூடிவிட வேண்டும். படுக்கப் போகும் முன் வெந்நீரை ஒருமுறை மாற்ற வேண்டும். குளிர் மாதத்தில் அப்போதும் பதினாறு மணி நேரம் பிடிக்கும். ஆனால் பொங்கி வரும்போது கடலூர் இட்லியேதான்.

மீனுக்கு நாக்கு ஏங்கும். தேவனாம்பட்டினத்தில் படகிலிருந்து இறங்கியதும் சங்கரா வாங்கிப் பழகியவர்களுக்கு, கீழேயிருந்து ஐஸில் வருகிற மீன் ஒத்துவராது. ஒவ்வொரு முறை ஊருக்கு வரும்போதும் முதுநகரிலிருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுபோவேன். வடகம், அப்பளம் எல்லாம் இங்கேயே சித்திரை வெயிலில் காயவைத்து எடுத்துப் போவதுதான் நல்லது. அதற்குப் பதிலாக அங்கே கிடைப்பது நிறைய. கமலா ஆரஞ்சு, பட்டர் ஃப்ரூட், பேரிக்காய், கொடியிலிருந்து பறித்த மிளகு, பக்கத்துத் தோட்டத்துக் காபிக்கொட்டை.

மலை கொடுப்பது

என் தூக்கத்தைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஊர்தான். கடலூரில் மாதவிடாய் நின்ற காலத்தில் ராத்திரி ராத்திரி உடம்பு கொதித்து எழுந்து உட்காருவேன். அங்கே ஆறு வருஷமும் மின்விசிறியே போடாமல், கம்பளிக்குள் விடிய விடியத் தூங்கினேன். வீட்டுக்காரர் காலையில் ஒரு மணி நேரம் நடப்பார், வேர்க்காது.

பங்குனி, சித்திரையில் ஒரு மழை பெய்யும். தோட்டக்காரர்கள் பூமழை என்பார்கள். அந்த மழை விழுந்து பத்து நாளில் காபிச் செடிகள் எல்லாம் ஒன்றாகப் பூக்கும். கிளை நெடுக, இலைக்காம்பு தெரியாமல், வெள்ளைப் பூச்சரம் கட்டினது போல. வாசனை மல்லிகையை ஒட்டினது, ஆனால் இன்னும் கொஞ்சம் இனிப்பு. இரண்டு மூன்று நாளில் பழுப்பாகி உதிர்ந்துவிடும். அந்த மூன்று நாளும் நான் மிஷினில் உட்கார மாட்டேன், தோட்டத்து வேலியோரம் போய் நின்றுகொள்வேன். சுற்றுலா வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு இது கிடைப்பதில்லை, குடியிருப்பவர்களுக்கே கிடைக்கும்.

மனிதர்கள். ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலையின் பழங்குடிகளுக்கு மலையாளிகள் என்று பெயர். கேரளத்துக்காரர்கள் என்று எண்ணிவிடாதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ். மலையை ஆள்கிறவர்கள் என்பதால் வந்த பெயர் என்பார்கள். பக்கத்து வீட்டு அம்மா அந்தச் சமூகத்தவர். என்னைக் ‘கடலூரம்மா’ என்றுதான் கூப்பிடுவார். அட்டை கடித்தால் பிடித்து இழுக்காதே, உப்பு வை, தானே விழும் என்று சொன்னவர் அவர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் காட்டெருமை தோட்டத்துப் பாதையில் இறங்கும், டார்ச் இல்லாமல் போகாதே, எதிரே பார்த்தால் ஓடாதே, மெதுவாகப் பின்னால் நட என்று சொல்லிக் கொடுத்தவரும் அவர்தான். போன புதிதில் அவரைப் போன்ற ஒருவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள், கேளுங்கள். சின்ன ஊரில் அக்கம்பக்கத்தார்தான் தீயணைப்பு நிலையம், செய்தித்தாள், அவசர மருந்துப் பெட்டி எல்லாம்.

அதே சின்ன ஊரில் உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், என்ன சண்டை என்பதும் சாயங்காலத்துக்குள் கடைத்தெருவுக்குத் தெரிந்துவிடும். எனக்கு அது தொந்தரவாக இல்லை. என் மகளுக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

இடம் வாங்க நினைத்தால்

நாங்கள் வாங்கவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வருஷம் வாடகைக்கு இருக்காமல் வாங்காதீர்கள். பட்டா, அரசு நிபந்தனை போட்டுக் கொடுத்த நிபந்தனைப் பட்டாவா என்று பாருங்கள், அதை விற்கவும் வாங்கவும் கட்டுப்பாடு உண்டு. வில்லங்கச் சான்று போடுங்கள். வண்டி போகிற பாதை பத்திரத்தில் இருக்கிறதா என்று வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மலையில் வீடு கட்ட, ஹாகா என்று சொல்கிற மலையிடப் பாதுகாப்புக் குழும விதிகளை விசாரிக்க வேண்டும். மரம் வெட்டுவதற்கு மலைப்பகுதிகளுக்கென்று 1955-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உங்கள் நிலத்தில் நிற்கிற மரம் என்பதற்காக வெட்டிவிட முடியாது.

நாங்கள் ஏன் இறங்கினோம்

2024 செப்டம்பரில் ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். 108 வந்தது. பனிமூட்டத்தில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை, ஓட்டுநர் தம்பி ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, தலையை வெளியே நீட்டிப் பார்த்துப் பார்த்து இறக்கினார். சேலத்தில் மருத்துவமனைக்குள் நுழைய ஒன்றே கால் மணி நேரம். வளைவு எண்களை நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஸ்டென்ட் வைத்தார்கள், பிழைத்துக்கொண்டார். திரும்ப மலைக்குத்தான் போனோம்.

நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. கடலூரில் தங்கை வீட்டுத் தெருவில் தண்ணீர் ஏறியது. உள்ளே நகர்ந்த அதே மழை எங்கள் மேலும் கொட்டியது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்தினார்கள். மின்சாரமும் இல்லாத அந்த இருட்டில் அவர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். செப்டம்பரில் வந்த வலி இன்றைக்கு வந்திருந்தால் எந்த வழியாக இறக்கியிருப்பேன் என்று விடிய விடிய உட்கார்ந்திருந்தேன். காலையில் அவரே சொன்னார்: “போயிடலாம்மா.”

அதனால் அறுபதைத் தாண்டியவர்களுக்கும் இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். அங்கே போய்ச் சேர்ந்த முதல் வாரமே, இரவில் வண்டி எடுக்க ஒத்துக்கொள்கிற ஓட்டுநர் இருவரின் எண்ணை வாங்கிச் சுவரில் எழுதுங்கள். பிரதான பாதை அடைத்தால் குப்பனூர் வழி இருக்கிறது. ஒரு நல்ல நாளில் அதிலும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள். பதினைந்து நாள் மாத்திரை எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். ஈரச் சுவர் மூச்சிரைப்பைக் கூட்டிவிடும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

எதிர்வீட்டுத் தம்பி நான்கு நாள் கழித்துத் தாளோடு வந்தார். எண்ணிக்கை ஒன்பது. அதில் நான்கு, முழங்கால் பயிற்சிக்காக அவர் மனைவி வாரந்தோறும் போவது. “அது மார்கழிக்குள்ள முடிஞ்சிடும்க்கா” என்றார். அப்படியென்றால் ஐந்து. அதிலும் வங்கி வேலை மேலேயே முடியும். நான்கு.

“சரி, அவங்க பயிற்சி முடியட்டும். அடுத்த வருஷம் ஐப்பசி பிறந்ததும் ரெண்டு மாசம் போய் இருந்துட்டு வாங்க. அப்புறம் பேசலாம்” என்றேன். என்னுடைய பெரிய ஹாட்பாக்ஸையும் அலமாரி பல்பின் கம்பி வலையையும் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்துவிட்டேன். போகும்போது வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.